பிஷப்பின் மகனைப் பற்றிய பக்கம்

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். ஆங்கிலமும் மலாயும் தட்டுவதற்கு ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர்கள்தான் குறைவு. அதனால்தான் டிரஸ்ஸர் ஐயா என்னைத் தேடி சிலிபினில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.

டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பல வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது என் தம்பியின் கையை அவர்தான் தைத்தாராம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். ஈப்போவில் ஆங்கிலிக்கன் சபையின் தமிழ் ஆராதனையில் சில ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வார்.

அவர் கையில் பச்சை அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இருந்த ஒரு பிஷப்பின் வாழ்க்கை வரலாறு. பின்பாதியில் அந்த பிஷப் எழுதிய சிறு பிரசுரங்கள். அதைத் தமிழில் கொண்டுவந்து தோட்டங்களில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"நான் சொல்லுவன். நீர் அடிச்சாக் காணும், பிள்ளை" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் 'காணும்' என்றால் போதும்.

எங்கள் வீட்டில் மாரியம்மன் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இதைச் சொன்னார். அவர் போனபிறகு அம்மா யோசித்துவிட்டு, "வேதக்காரங்க வீட்டுக்குத்தானே, போ. சாப்பிடச் சொன்னா சாப்பிடு. தலையில தண்ணி தெளிக்க வந்தா மட்டும் எந்திரிச்சு வந்துரு" என்றாள்.

சனிக்கிழமை மதியங்களில் போனேன். யாரும் என் தலையில் தண்ணீர் தெளிக்கவில்லை. அவருடைய மனைவியை நான் ஆண்ட்டி என்று கூப்பிட்டேன். மகள் ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிடச் சற்று மூத்தவள். வேலை நேரம் மாறி மாறி வருவதால் அவளை எப்போதாவதுதான் பார்ப்பேன்.

பிஷப்பின் கதை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை. நன்றாகக் கிரிக்கெட் ஆடுவாராம். அப்பா வங்கி நடத்தினார். ஒருநாள் காலையில் எழுந்தபோது இருந்த சொத்து அன்று மாலை இல்லை. வங்கி விழுந்துவிட்டது. வேறு வழி தெரியாமல்தான் சபை ஊழியத்துக்குப் போனார். கிராமத்துச் சபை கொடுத்தார்கள். கேட்க வந்தவர்கள் வயல் வேலைக்காரர்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். அலங்காரமாகப் பேசுவதை அவர் அங்கேதான் விட்டாராம். சின்ன வாக்கியங்களாக எழுதப் பழகினார். அப்படி எழுதிய பிரசுரங்கள் பல மொழிகளில் உலகமெல்லாம் போயின.

அதை ஐயா சொன்ன தமிழ் வேறு மாதிரி இருந்தது. 'ஆதலினால்' என்று தொடங்கினால் அரைப் பக்கம் தாண்டித்தான் முற்றுப்புள்ளி வரும். பிஷப்புக்கு 'அத்தியட்சர்' என்றார். சில வாரம் பொறுத்துப் பார்த்தேன்.

"ஐயா, இது முடியறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மனுசன் பாடுபட்டுச் சின்னனாக்கி வச்சதை நான் திரும்ப நீட்டிப்போட்டன்" என்று சிரித்தார். அதற்குப்பின் வாக்கியங்கள் குறுகின. அத்தியட்சர் மட்டும் அப்படியே இருந்தார். அந்த விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை.

பிஷப்பின் வயதான காலத்து அத்தியாயத்துக்கு வந்தோம். ஒரு துறைமுக நகரத்துக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். பேராலயம் கட்டச் சொன்னவர்களிடம், முதலில் ஏழைகள் வாழும் தெருக்களுக்கு ஊழியர்கள் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஐயா சொல்லிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தார். நான் தட்டினேன்.

அவர் முகம் கழுவப் போனபோது, ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்று பார்க்கப் புத்தகத்தை எடுத்தேன். விட்டுப்போன பக்கம் பிஷப்பின் மகனைப் பற்றியது. மகன் வேதத்தைப் படித்தே பெரிய அறிஞரானவர். ஆனால் பழைய ஏற்பாடு எப்படி எழுதப்பட்டது என்பதில் அப்பா உயிராய்ப் பிடித்திருந்த கருத்து அவருக்கு இல்லை. மகனுடையது போன்ற கருத்துகளை எதிர்த்து அப்பா பிரசுரம் பிரசுரமாக எழுதியிருக்கிறார். இருந்தும் ஊழியத்துக்கு வருகிறவர்களைப் பரீட்சை செய்யும் பொறுப்பில் தன் பக்கத்திலேயே மகனை வைத்திருந்தார்.

ஐயா திரும்பி வந்ததும், "இந்தப் பக்கம் விட்டுப்போச்சுங்க ஐயா" என்றேன்.

"விட்டுப்போகேல்லை. அது தேவையில்லை, பிள்ளை."

அன்று வேலையைச் சீக்கிரமே முடித்து எழுந்துவிட்டார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஆண்ட்டி அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தாரோ, யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்ததோ, தெரியவில்லை.

"மகள் ஒரு பெடியனை விரும்புறாள். டெலிபோன் இலாகாவில வேலை. கம்பத்தில ஏறிக் கம்பி இழுக்கிற வேலை" என்றார். அரிசியை இன்னொரு முறை அளைந்து, "சைவப் பெடியன். தோட்டத்துப் பிள்ளை" என்றார்.

சொல்லிவிட்டுத்தான், நானும் தோட்டத்துப் பிள்ளை என்பது நினைவு வந்தவர்போல என்னைப் பார்த்தார். கை அரிசிக்குள்ளேயே நின்றது.

"நீ குறை நினையாதை."

"இல்ல ஆண்ட்டி."

நினைத்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் பிடித்தேன்.

அதற்கடுத்த மாதங்களில் அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஐயா பிரசுரங்களைச் சொன்னார், நான் தட்டினேன். மகள் நர்ஸ் விடுதிக்குப் போய்விட்டாள். ஒருநாள் பசாரில் என்னைக் கண்டு நின்றாள். கையில் கங்கோங் கீரைக் கட்டு.

"அப்பா உங்களோட நல்லாக் கதைக்கிறாராமே. எங்க வீட்ல அவர் வாய் திறந்து நாளாச்சு, லா."

"என்கூட அவரு எங்க பேசறாரு, அக்கா? பிஷப்புதான் பேசறாரு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல தாலி கட்டுறாங்க. சுங்கை சிப்புட்ல. அம்மா வருவா. தனியா வர அவவுக்கு ஒருமாதிரி இருக்காம். நீங்க கூட வாறீங்களா?" என்றாள்.

போனேன். ஆண்ட்டியும் நானும் டாக்சியில் போய் இறங்கினோம். கோயில் சடங்குகளில் எங்கே நிற்பது, எப்போது பூ போடுவது என்று ஆண்ட்டிக்குத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். ஆண்ட்டியைக் கண்டதும், "டிரஸ்ஸரம்மா, இப்படி வந்து உக்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டார். தாலி கட்டும்போது ஆண்ட்டி அழுதார். எல்லாத் தாய்மாரும் அழும் அழுகைதான், வித்தியாசமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மதியம் ஈப்போவுக்குத் திரும்பினோம். ஆண்ட்டி நேரே அறைக்குள் போனார். காலையில் ஆராதனைக்குப் போய் வேதபாடம் வாசித்துவிட்டு வந்த ஐயா, அதே வெள்ளைச் சட்டையோடு தட்டச்சு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காகிதம் ஏற்கெனவே இயந்திரத்தில் சுற்றியிருந்தது.

"பிள்ளை, களைச்சுப் போனீரோ? கொஞ்சம் நேரமிருக்கோ?"

பட்டுச்சேலையும் தலையில் மல்லிகையுமாக உட்கார்ந்தேன். அவர் புத்தகத்தைத் திறந்தார். மகனைப் பற்றிய பக்கம். எதையும் விளக்காமல் சொல்ல ஆரம்பித்தார். வாக்கியங்கள் மிகச் சிறியவையாக இருந்தன. ஒரு வரி சொல்லுவார், நான் தட்டி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்ப்பார், அடுத்த வரி சொல்லுவார். எங்கும் தடுமாறவில்லை. முன்பே பலமுறை மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

பக்கம் முடிந்தது. காகிதத்தை உருவி அவரிடம் கொடுத்தேன்.

"சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு ஐயா. பாயாசம்தான் கொஞ்சம் இனிப்பு கூடிப்போச்சு."

"பெடியன் உயரமோ?"

"உங்க உயரம் இருப்பாரு."

"ம்" என்றார். காகிதத்தை மடிக்காமல் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார்.

மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வர இன்னும் சில மாதம் ஆனது. வந்த அன்று நானும் இருந்தேன். அச்சகத்திலிருந்து முதல் படிகள் வந்திருந்தன, திருத்திக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். கடைசியில் ஐயா அச்சுப்படியின் முதல் தாள்களை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை நின்றபடியே வாசித்தார், விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பேங்க் விழுந்துச்சுன்னு போட்டிருக்கு. எப்படி மாமா விழுந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா என்ற சொல்லுக்கு ஐயா தயாராக இல்லை. இருந்தாலும் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இருந்து கேளும், தம்பி" என்றார். அந்த விளக்கம் தேநீர் ஆறும்வரை நீண்டது. மகள் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று கேட்டாள்.

புத்தகம் வெளிவந்தபின் அதைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனவர் மாப்பிள்ளைதான். வேலை நிமித்தம் அந்தப் பக்கமெல்லாம் சுற்றுகிறவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவார். நெற்றியில் திருநீற்றோடு அவர் கிறிஸ்தவப் புத்தகம் கொடுப்பதைக் கண்டு லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் விசாரித்தார்களாம். "எங்க மாமா எழுதினது" என்று சொல்லுவாராம். ஐயா எழுதியதல்ல அது. அதைத் திருத்திச் சொல்லும்படி ஐயா அவரிடம் கேட்டதாக எனக்குத் தெரியாது.

மதத்தைப் பொறுத்தவரை ஐயா கடைசிவரை மாறவில்லை, மாப்பிள்ளையும் மாறவில்லை. மகள் இரண்டு இடத்துக்கும் போனாள். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகிச் சித்தியவான் ஊருக்குப் போய்விட்டேன். ஐயாவின் பேரப்பிள்ளைக்குக் கோயிலில் பெயர் வைத்த அன்று கூப்பிட்டார்கள் என்று வந்தேன். ஐயாவும் வந்திருந்தார், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. உள்ளே சடங்கு முடியும்வரை மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மாப்பிள்ளை குடை பிடிக்க, மகள் குழந்தையைக் கார்வரை தூக்கிக்கொண்டு போனாள். கதவு திறந்தது. குழந்தையை மடியில் வாங்கித் தலையில் கைவைத்து அவர் தன் ஜெபத்தைச் சொன்னார். மாப்பிள்ளை முதுகு நனைய நின்றுகொண்டிருந்தார். ஜெபம் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. எனக்குப் பசித்தது. நான் சாப்பிடப் போனேன்.