கம்பவுண்டரின் வாரிசைத் தேடியபோது

1. பாஸ்புக்கோடு வந்தவர்கள்

திருச்சானூர் ரோட்டில் இருந்த எங்கள் பிரஸ்ஸின் ஷட்டரை அன்று காலை நான் தூக்கும்போதே வாசலில் கூட்டம் நின்றிருந்தது. எல்லோர் கையிலும் நிலத்துப் பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர், "முனிரத்தினத்தோட வாரிசு நான்தான் சார். ரோட்டுக்குப் போன நிலத்துக்குத் துட்டு எப்போ போடுவீங்க?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் முனிரத்தினத்தின் வாரிசுதான். வேறு வேறு முனிரத்தினம். எங்கள் பக்கம் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை.

கோளாறு நான் ஒட்டிய நோட்டீஸில் இருந்தது. "முனிரத்தினம் அவர்களின் வாரிசுகள் உடனே அணுகவும்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, எதற்கு என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தேன். நாலு வழிச் சாலைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் வாரிசு என்று எழுதினால் எங்கள் ஜனங்களுக்கு நிலம் தவிர வேறு எதுவும் தோன்றாது. ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் மதியம் ஆகிவிட்டது. வந்தவர்களில் ஒருவர்கூட நான் தேடிய ஆள் இல்லை.

2. எதற்காகத் தேடினேன்

பதிப்பகத் தொழிலில் புதிதாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. என் வேலை பர்மிஷன் வாங்குவது. பழைய புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டும் என்றால் எழுதியவரிடம் கேட்க வேண்டும். அவர் இறந்திருந்தால் அறுபது வருஷம் வரைக்கும் வாரிசிடம் கேட்க வேண்டும். யாருமே அகப்படவில்லை என்றால் காப்பிரைட் சட்டத்தில் 31ஏ என்று ஒரு வழி இருக்கிறது. தேடிய விவரத்தை எல்லாம் கொடுத்து, நாடு முழுக்கப் போகும் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் போட்டு, பிறகு லைசென்ஸ் கேட்டு மனு கொடுக்கலாம். முன்பு அதற்கென்று தனி போர்டு இருந்தது. இப்போது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பால் கம்பெனி எங்களிடம் வந்திருந்தது. மாநில எல்லையை ஒட்டிய ஊர்களில் மாடு வைத்திருக்கும் தமிழ் விவசாயிகளுக்குக் கொடுக்க அவர்களுக்கு ஒரு கையேடு வேண்டும். கறவை மாட்டுப் பராமரிப்பு பற்றி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் முனிரத்தினம் எழுதிய சின்னப் புத்தகம் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. அதையே போட்டுக் கொடுங்கள் என்றார்கள். எங்கள் பிரஸ் ஓனருக்கு அது பெரிய ஆர்டர்.

புத்தகத்தில் ஆசிரியரின் ஊர் இல்லை. அச்சடித்த பிரஸ் மூடிப்போயிருந்தது. கால்நடைத் துறை ஆபீஸில், அவர் கங்காதர நெல்லூரில் வேலை பார்த்தார், பிறகு மாற்றலாகிப் போனார், இறந்தும் போனார் என்று சொன்னதோடு சரி. இங்கிலீஷ் பேப்பர் விளம்பரத்துக்கு ஒரு போன்கூட வரவில்லை. பால் கறப்பவர் யார் அந்தப் பேப்பரைப் படிக்கிறார்? அதனால்தான் நானாகத் தமிழில் நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டிலும் பால் சென்டர்களிலும் ஒட்டினேன். அதன் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன்.

3. தனம்மா

ஆனாலும் அந்த நோட்டீஸ் வீண் போகவில்லை. புத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பால் சென்டரில் பால் அளப்பவர் போன் செய்தார். "நீங்க தேடற கம்பவுண்டரு இந்த ஊருதான் சார். அவரு போய்ட்டாரு. ஒரே பொண்ணு, தனம்மா. தெனம் நம்ம சென்டருக்குத்தான் பால் ஊத்துது" என்றார்.

மறுநாளே பைக்கில் போனேன். தனம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் ஃபைலைத் திறந்து, "முனிரத்தினம் கம்பவுண்டர் பொண்ணு நீங்கதானேம்மா?" என்றேன்.

"யாரு சொன்னது? அந்த ஆள எனக்குத் தெரியாது."

"பால் சென்டர்ல சொன்னாங்க."

"அவன் ஆயிரம் சொல்லுவான். வேல கீது எனக்கு, போங்க."

சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். பெற்ற தகப்பனைத் தெரியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நடந்ததைப் போய்ச் சொன்னதும் பால் சென்டர்க்காரர் சிரித்தார். "நெலத் தகராறு சார். பங்காளிங்க கேசு போட்டுக்கீறாங்க. நீங்க ஃபைல தூக்கிக்கினு வந்து வாரிசுன்னா யாரு வாயத் தொறப்பா?"

அது சரியாகத்தான் பட்டது. பாஸ்புக் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

4. சித்தூரில் கேட்ட கேள்வி

ஓனர் தெலுங்குக்காரர். என்னோடு பேசும்போது பாதி தமிழ், பாதி தெலுங்கு. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "இன்கேமய்யா சுந்தரம், இன்னும் என்ன! அந்தம்மாவே இல்லேன்னு சொல்லிட்டாங்க. அகப்படலேன்னு எழுது, அயிபோயிந்தி, வேலை முடிஞ்சுது" என்றார். வாரிசு வந்தால் பேச்சுவார்த்தை, இழுபறி. கோர்ட் லைசென்ஸ் என்றால் தொகையை அவர்களே சொல்வார்கள், கட்டிவிட்டு அச்சடிக்கலாம். அவர் கணக்கு அவருக்கு.

சித்தூரில் எங்கள் வக்கீல் ஒரு அம்மா. மனுவோடு சேர்க்க வேண்டிய அஃபிடவிட்டை ரெடி செய்து வைத்திருந்தார். இயன்ற வரை தேடியும் உரிமையாளர் கிடைக்கவில்லை என்று அதில் நான் பிரமாணம் செய்ய வேண்டும். புத்தூரில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டேன். அவர் பேப்பரின் மேல் கையை வைத்தார்.

"ஆள் கிடைக்கலையா, இல்ல கிடைச்ச ஆள் ஒத்துக்கலையா? ரெண்டும் ஒண்ணு இல்ல சார்."

"அவங்களே தெரியாதுன்னுட்டாங்க மேடம்."

"கோர்ட்ல அதைக் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். உங்க ஓனர் வரமாட்டார். இன்னொண்ணு. லைசென்ஸ் வந்தா இருக்கிறதை இருக்கிறபடி போடத்தான். உங்க இஷ்டத்துக்கு ஒரு வரி மாத்தக்கூடாது."

இரண்டாவதாகச் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது உறுத்தியது. பொய்ப் பிரமாணம் செய்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓனர் எனக்கு ஒன்றும் உறவில்லை. இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

5. "எந்த ஊரு மாடு?"

இந்தத் தடவை ஃபைல் எடுத்துப் போகவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துப் போனேன். தனம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை நீட்டினேன். அட்டையைப் பார்த்ததும் கலக்குவதை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எந்த ஊரு மாடு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மாடா?"

"செத்த மாட்டுக்குத்தானே வந்தீங்க?"

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. புத்தகத்தில் மருந்து ஊட்டும் முறை என்று ஒரு பக்கம் இருக்கிறது. மாட்டின் தலையை நன்றாக மேலே தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றவும் என்று போட்டிருக்கும். நாக்கைப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு டாக்டர் சொல்லித்தான் கம்பவுண்டருக்கே அது தெரிந்திருக்கிறது. அதற்குள் புத்தகம் ஊரெல்லாம் போய்விட்டது.

"இனிமே போடாதேன்னு பிரஸ்காரன்கிட்ட சொல்லிட்டாரு. ஊரு ஊரா போயி அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு, கிழிச்சிடுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. எல்லா வூட்டுக்கும் போவ முடியுமா? மாடு செத்தவங்க வாசல்ல வந்து நின்னு கத்துவாங்க. அவரு போன அப்புறமும் வந்தாங்க. கம்பவுண்டரு பொண்ணான்னு கேட்டா இல்லேன்னுடுவேன்" என்றார் தனம்மா.

நிலம் கிலம் எல்லாம் நாங்களாகக் கட்டிய கதை. பங்காளி கேசு எப்போதோ ராஜியாகிவிட்டதாம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மறுபடி அச்சடிக்கப் போகிறோம், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன்.

"அப்படியேவா?"

"நீங்க கிடைக்கலேன்னா அப்படியேதான் போட்டிருப்போம். கோர்ட் லைசென்ஸ்ல எதையும் மாத்த முடியாது."

"எத்தினி புக்கு?"

பால் கம்பெனி கேட்ட எண்ணிக்கையைச் சொன்னேன். பேனா அன்று பேப்பரைத் தொட்டிருந்தால் அத்தனை புத்தகமும் அந்தப் பக்கத்தோடு அத்தனை கொட்டகைக்குப் போயிருக்கும்.

தனம்மா கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தப் பக்கத்த மாத்தணும். பழைய புக்கு வெச்சிருக்கறவங்க கிழிச்சிடணும்னு மொதல் பக்கத்துல போடணும். நைனா பேர்லயே போடணும். போடறதா இருந்தா எங்கன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

6. முதல் பக்கம்

ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் தப்பு இருந்தது என்று முதல் பக்கத்திலேயே எவனாவது போடுவானா என்று கேட்டார். பால் கம்பெனியின் மாட்டு டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவரே ஓனருக்குப் போன் செய்தார். என்ன பேசினார்களோ தெரியாது. ஓனர் போனை வைத்துவிட்டு, "பெட்டு, பெட்டு. அந்தம்மா சொன்னபடியே போடு" என்றார். மருந்து ஊட்டும் பக்கத்தை டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தத்தை நானும் தனம்மாவும் அவர் வீட்டிலேயே முடித்தோம். கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாரிசைத் தேடுவதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். எழுதியவர் கடைசியில் தன் புத்தகத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பது வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். பேப்பரில் விளம்பரம் போட்டால் சட்டத்துக்குப் போதும். நமக்குப் போதாது.

புத்தகக் கட்டைப் பால் சென்டருக்கு நானே கொண்டுபோய் இறக்கினேன். சாயங்காலப் பாலுக்கு வரிசை நின்றிருந்தது. தனம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து, முன்னால் நின்ற ஆளின் கையில் கொடுத்தார்.

"எங்க நைனா எழுதினது. மொதல் பக்கத்தப் படி. சத்தமா படி."