ஞாயிற்றுக்கிழமை வந்த கரண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. முந்தின நாள் சாயங்காலம் அடித்த மேல்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, உத்தமபாளையத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. ராத்திரி முழுக்கப் பனை விசிறியோடு புரண்ட சபையார் எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. போதகர்கூட ஒரு தரம் மேலே பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

எனக்கு மட்டும் வியர்த்தது.

கடையில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அமர்த்தினேனா?

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். படிப்பு நின்றுபோனது, கவலைப்படுவது மட்டும் நிற்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஓய்வுநாள் என்றால் என்ன தெரியுமா? போய்ப் பார்க்க முடியாத நாள்!

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் கடுமை. குழம்பு சனிக்கிழமையே வைத்தாகிவிடும். கடைத்தெருவில் எதுவும் வாங்கக் கூடாது. ஊசியைத் தொடவே கூடாது. சட்டம் போட்டவள் என் மனைவி எஸ்தர். கல்யாணமான புதிதில், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிறுதோறும் கடைப்பக்கம் போவேன். கதவு திறந்திருப்பதைப் பார்த்து யாராவது வந்து, ஒரே ஒரு பட்டன் என்பார்கள். திரும்பும்போது சாயங்காலமாகிவிடும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி – சனிக்கிழமை கடை சாத்தியதும் சாவி, பக்கத்துக் குடைக்கடை காதர் பாய் கைக்குப் போய்விடும். நானே போய்க் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. பாயும் வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலுக்குப் போகும்போது தன் கடையை என் பார்வையில்தான் விட்டுப் போவார்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கம்பம் பக்கத்தில் தோட்டம் வைத்துப் பயிர் செய்கிற ஒரு சம்சாரி வீட்டுக் கல்யாணம், புதன்கிழமை முகூர்த்தம். பெண்ணின் பட்டு ஜாக்கெட், மாப்பிள்ளையின் டெரிகாட்டன் சட்டை எல்லாம் என் மேஜையில். கரிப்பெட்டியை விட்டுக் கரண்ட் பெட்டிக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. கடைசி ஜாக்கெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வாசலில் நின்ற எஸ்தர், இருட்டிவிட்டது என்று அவசரப்படுத்தினாள். தீக்குச்சி வெளிச்சத்தில் பூட்டினேன். கரிப்பெட்டி என்றால் உள்ளே கிடக்கும் நெருப்புக் கங்கைக் கொட்டாமல் நகர மாட்டேன். இதுதான் கரண்ட் போனதும் தானாகவே ஆறிவிடுமே… கை சுவிட்சுக்குப் போனதா, இல்லையா?

போதகர் இளைப்பாறுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் கண் முன்னால் பட்டு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் இன்னொரு ஜாக்கெட்டுக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பெண் எதைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்காருவாள்?

பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது பக்கக் கதவு வழியாக நழுவினேன். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை – எஸ்தர் கண்ணில் பட்டுவிட்டால்?

ஓடினேன். காதர் பாய் கடை வாசலில் ஒரு குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“பாய், சாவி.”

“தரக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்காகள்ல?”

“இஸ்திரிப் பெட்டி எரியுது பாய்.”

அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. “அதெல்லாம் அமத்தியாச்சு. கரண்டு வந்த கொஞ்ச நேரத்துல தங்கச்சி ஓடியாந்துட்டாக. சுவிச்சு போட்டபடிதான் கெடந்துச்சு. மேசைப் போர்வை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கரிஞ்சிருக்கு. பட்டுல ஒண்ணும் படல. இப்பத்தான் சந்து வழியாத் திரும்பிப் போறாக.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னேன்னு காட்டிக்கிறாதீக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டுப் போயிருக்காக.”

அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

நான் சர்ச்சுக்குத் திரும்பியபோது எஸ்தர் தன் இடத்தில் நின்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் நெற்றியில் வியர்வை.

மதியம் சனிக்கிழமைக் குழம்பை ஊற்றிக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் அவள்தான் ஆரம்பித்தாள்.

“தேய்க்கிற போர்வை பழசாயிருச்சு. நாளைக்கு ஒண்ணு எடுத்துருங்க.”

சரி என்றேன்.

“நான் திரும்பி வந்தப்ப ஒங்க எடம் காலியாக் கெடந்துச்சே. எப்ப எந்திரிச்சுப் போனீக?”

“பிரசங்கம் முடிஞ்சு, பாட்டுக்கு எந்திரிக்கும்போது.”

“அம்புட்டு நேரம் எப்படித்தான் உக்காந்திருந்தீகளோ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளுக்குள் தவிக்கிறவன் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்! சாவியை வெளியே கொடுத்து வைத்தது என்னை நம்பாமல் மட்டும் இல்லை, தன்னையும் நம்பாமல்தானோ? கவலைப்பட வீட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறது – அதுவும் என்னைவிட வேகமாக ஓடுகிற ஆள். அன்று மதியம் படுத்தவன் நாலு மணிவரை தூங்கினேன்.

புதன்கிழமைக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நாளை சனிக்கிழமை. சாவி பாயிடம் போகும். இஸ்திரிப் பெட்டி இனி எங்களோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எஸ்தர் புதுச் சட்டம் போட்டிருக்கிறாள்.

நாங்கள் எப்படியோ… அந்தப் பெட்டியாவது ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கட்டும்!