சத்தம் நின்றால் வேலை முடிந்தது

எங்கள் கட்டிடத்து லிப்ட் மெக்கானிக் கொள்கைவாதி. லிப்ட் முனகினால் திருகாணியை முடுக்குவார்; முனகல் நின்றதும் பெட்டியைக் கட்டிவிடுவார். மிச்சமான உதிரிகள் பெட்டிக்குள் போகும். இதே கொள்கையைத் தன் உடம்பிலும் கடைப்பிடித்ததுதான் வினை.

வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண் சகவாசம். திரும்பிய சில நாளில் சிறுநீர் தீயாய் எரிந்தது, சீழும் கசிந்தது. டாக்டரம்மா சோதித்துவிட்டு, உடலுறவில் தொற்றிய நோய் என்றார், ஆன்டிபயாடிக் எழுதினார்.

"முழு கோர்ஸும் முடிக்கணும். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் மருந்து வேணும்."

மனிதர் பலமாகத் தலையாட்டினார். தலையாட்டக் கட்டணம் இல்லையே.

பாதி மாத்திரை அட்டையிலேயே எரிச்சல் நின்றது. சத்தம் நின்றால் வேலை முடிந்தது. மிச்சம் பெட்டிக்குள் போனது.

எரிச்சல் திரும்பி வந்தது. கழிப்பறைக் கதவைத் தொட்டாலே, உள்ளே யாரோ தனக்கு முன்பே போய்க் காத்திருப்பதுபோல் இருந்ததாம். குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்த மனைவியோ, அடிவயிற்றைப் பிடித்தபடி தையல் மிஷின் முன்னால் குனிந்திருந்தாள்.

ஸ்பானர்களுக்கு அடியில் கிடந்த அட்டையைத் துடைத்து நீட்டினார்.

"சத்து மாத்திரை. போட்டுக்க."

"கடையில பாதி அட்டைதான் குடுத்தாங்களா?"

"அது... நான் கொஞ்சம் போட்டுப் பாத்தேன்."

"உங்களுக்கு என்னன்னு நான் கேக்கல. எனக்கு என்னன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். அவள் கையிலிருந்த தையலை ஓரம்வரை ஓட்டி, நூலை வெட்டினாள். "கிளம்புங்க."

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்தார். தொற்று கருப்பைவரை ஏறியிருந்தது.

"இனிமே எனக்குக் குழந்தை உண்டாகுமா டாக்டர்?"

"நோய் குணமாகும். மத்தத இப்பவே சொல்ல முடியாதும்மா." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஆளுக்குப் பாதி சாப்பிட இது பிஸ்கட் இல்ல. ரெண்டு பேரும் முழுசா சாப்பிடணும். முடியிறவரைக்கும் தள்ளிப் படுங்க."

முடித்தார்கள். மறுபரிசோதனையில் இருவருக்கும் தொற்று இல்லை. மெக்கானிக் தன் வழக்கப்படி பெட்டியைக் கட்டிவிட்டார்.

ஆனால் இன்றும் அவர் கழிப்பறைக்குள் போனால் அடுத்த அறையில் தையல் மிஷின் நின்றுவிடுகிறது. அவர் வெளியே வரும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், அதை ஓட்டுவதில்லை. எரிச்சல் துளியும் இல்லாத மனிதர், தாழ்ப்பாளில் கை வைத்தபடி, அந்த மிஷின் சத்தத்துக்காக உள்ளேயே நிற்கிறார்.