ஒரு சாண் எழுத்து

நான் பள்ளிக்கூடம் போனது மொத்தம் நாற்பது நாள். ஆனாலும் இன்று நாலு ஊரில் என் அப்பளக் கடைப் பலகை தொங்குகிறது. எல்லாம் கட்டை கட்டையான கறுப்பு எழுத்து. எழுத்து விஷயத்தில் என்னை யாரும் ஏய்க்க முடியாது. எட்டு வயசிலேயே ஆற்றுப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தினவள் நான்.

சினிமா எங்கள் ஊருக்கு வராத காலம். வண்ணார்பேட்டையில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனிக்குக் கூட்டமே இல்லை. நோட்டீஸ் எழுத்து எறும்பு மாதிரி இருந்தால் யார் நின்று பார்ப்பார்கள்? கம்பெனி முதலாளி, தச்சரான என் மாமாவிடம் வந்து, ஒரு சாண் உயரத்துக்கு மரத்தில் அச்செழுத்து கேட்டார்.

மாமா சுழிவு நெளிவையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார். மூலைமட்டம் வைத்துக் கோடு, கவராயம் சுற்றி வட்டம், அவ்வளவுதான். எல்லாக் கோடும் இரண்டு விரல் தடிமன். ‘ட’வைப் பார்த்தால் கதவு நிலையின் மூலை.

அச்சாபீஸ்காரருக்குப் பிடிக்கவில்லை. “இது எழுத்தா வே? சன்னல் சட்டம்லா!” என்றார்.

முதலாளிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. “பாலத்துல போறவன் பாத்து நிக்கணும், ஆசாரியாரே. நின்னாம்னா மத்த எழுத்தையும் செய்யும். இல்லன்னா வேண்டாம்.”

வீட்டிலிருந்த நல்ல பலா மரமெல்லாம் முதலில் செய்த ஏழு எழுத்துக்கே போயிருந்தது. “அடுப்புக்காவது ஆவும்” என்றாள் அத்தை.

தாளுக்கு ஓர் எழுத்தாக ‘இன்று நாடகம்’ என்று அடித்து, படித்துறை மண்டபச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கம்பெனி ஆளிடம் கொடுத்தார்கள். மாமாவும் முதலாளியும் பாலத்தில் போய் நின்றார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். சுவரைப் பார்த்ததும் முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார், வாசிக்கக் காணோம். எனக்குப் பொறுக்குமா? “இன்று நாடகம்!” என்று கத்தினேன்.

ஒரு வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். “ஏட்டி, எங்கன?”

“அந்தா பாருங்க அண்ணாச்சி, எம்புட்டுப் பெருசு!”

“ஆமா, கன்னங்கரேல்னு நிக்கி!”

பின்னால் இன்னும் இரண்டு வண்டி நின்றது. தயிர்க்காரி கூடையை இறக்கிவைத்துப் பார்த்தாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “மத்ததையும் செஞ்சிரும் வே. ஒட்டுறதுக்கு மட்டும் வேற ஆளப் பாக்கேன்.”

நான் வாசித்ததால்தான் மாமாவுக்கு வேலை கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மாமா செதுக்கும்போது சொன்னதைத்தான் கத்தினேன். ஒட்டினவனுக்கும் தெரியாதாம். கைக்கு வந்தபடி ஒட்டியிருக்கிறான். சுவரில் அன்று இருந்தது ‘டம்றுகஇன்நா’. என் கல்யாணத்தன்றுதான் மாமா இதைச் சொன்னார். இருக்கட்டுமே, வண்டி நின்றதா இல்லையா?

நான் முதலில் கத்தினபோது மாமா என் தோளை அப்படி இறுக்கிப் பிடித்தார், எலும்பு வலித்தது. பெருமை தாங்காமல் பிடிக்கிறார் என்று நினைத்து, இன்னும் உரக்கக் கத்தினேன்.