கீழ் வீட்டுக்குக் கேட்ட குதிகால்

பஸ் ஓட்டுகிற அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. டிப்போ ஆட்களை ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போய், சும்மா அடித்துப் பாருங்கள் என்றார்கள். அவள் அடித்த முதல் பந்து தவளை மாதிரி நாலு தாவு தாவி நின்றுவிட்டது. ஆனாலும் அன்றைக்கே மனசைப் பறிகொடுத்துவிட்டாள்.

பயிற்சியாளர் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கைய மறந்துடுங்க, கால கவனிங்க. மட்டைய ஓங்கும்போது பாரம் வலது காலுக்குப் போகட்டும், இடது குதிகால் லேசா எழும்பலாம். இறக்கும்போது முதல்ல அந்தக் குதிகால ஊனுங்க. அப்புறம்தான் இடுப்பு, கை எல்லாம். முடிக்கும்போது வலது கால் நுனிவிரல்ல நிக்கணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடிக்கும்போதோ அவள் உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, தடுமாறி, வலது காலிலேயே போய் விழுந்தது.

விடுவாளா! சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோபாவை ஓரங்கட்டிவிட்டு, பந்தில்லாமல் வீசிப் பழகினாள். "விளக்க உடைச்சிடாத தாயே" என்று கணவர் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றார்.

மூன்றாம் நாள் கதவு அதிர்ந்தது. கீழ் வீட்டுத் தையல்காரர்.

"ஏம்மா, மேல என்ன மாவா இடிக்கிறீங்க? ஊசியில நூல் கோக்க முடியல!"

அவள் மன்னிப்புக் கேட்டு, மட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். மனுஷனுக்கு ஆத்திரம் தணியவில்லை.

"எப்பப் பாரு டொம் டொம்முனு ரெண்டு ரெண்டா விழுது. இப்ப கடைசியா ஒரு தடவ மட்டும் ஒத்த டொம். அப்படி அடிச்சாலாவது பாதி இம்சை குறையும்."

அக்காவுக்குப் பொறி தட்டியது. கடைசி வீச்சில்தான் அவள் இடது குதிகாலை முதலில் ஊன்றியிருந்தாள். வலது காலில் போய் விழவே இல்லை, அந்த இரண்டாவது டொம்மும் இல்லை!

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கீழ போய் அஞ்சு நிமிஷம் காது குடுங்களேன்!"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். கீழே சொல்வதை மேலே சொல்லக் கணவர் மாடிப்படியில் நின்றார். கீழேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு!" மறுபடியும், "ரெண்டு!" பிறகு, "ஒண்ணு!" அப்புறம் உற்சாகமாக, "ஒண்ணு! இதுவும் ஒண்ணுதாம்மா!" தையல்காரர் நூலை மறந்தே போனார். கணவரின் அடுப்பில் என்னவோ தீய்ந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

டிப்போக்களுக்கு இடையிலான போட்டியில் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடம் வந்தது. முன்னே அடித்த மூவரின் பந்தும் தண்ணீரில் போயிருந்தது. அக்கா ஓங்கினாள். குதிகால் புல்லில் இறங்கியது, இடுப்பு திரும்பியது, மட்டை விர்ரென்று வந்தது. பந்து எழும்பி, எழும்பி, குளத்தைத் தாண்டி அக்கரைப் புல்லில் விழுந்து உருண்டது.

"போயிடுச்சுடி! போயிடுச்சு!" என்று கணவர் அவளுக்காகத் தோளில் சுமந்துவந்த மட்டைப் பையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார்.

கோப்பை என்னவோ வேறு டிப்போவுக்குத்தான் போனது. அந்த நேரத்தில் அதைப் பற்றி யார் நினைத்தார்கள்? கரையைச் சுற்றிக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். "பைய எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்! அடுத்த அடிய அடிக்கணும்!"