நம்பரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைத் தொலைபேசிக்குக் கம்பி கிடையாது. நம்பர் பழையதுதான், மணி அடிப்பது இன்டர்நெட் வழியாக. இணையத் தொலைபேசிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் மகன் கதிர் மாற்றிக்கொடுத்தான். "எம்மா, நம்பரக் கடைசிலேருந்து திருப்பிப் போட்டு, நடுவுல புள்ளி வச்சு ஒரு பட்டியல்ல தேடும். அதுல எந்த இன்டர்நெட் முகவரி எழுதிருக்கோ அங்கதான் அடிக்கும்" என்றான். கணவர் இறந்தபின் பட்டறையை நடத்துகிறவள் நான். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே வினையாயிற்று.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறு பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் கையில் இரும்புக்கம்பி. முன்னால் நின்றவனின் சட்டையில் ரத்தம்; அவனுடையதல்ல, அவன் அம்மாவுடையது. அவளுடைய மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "யே நம்பர் கிஸ்கா ஹை?" என்று, அது யாருடைய நம்பர் என்று கேட்டான். எங்கள் நம்பர். அதிலிருந்து எவனோ போலீஸ் என்று பேசி, மகனைப் பிடித்துவிட்டோம் என்று மிரட்டியிருக்கிறான். பதறி ஓடியவள் படியில் விழுந்து மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பட்டியலில் எங்கள் நம்பருக்கு நேரே எவனோ தன் முகவரியை எழுதிவிட்டான், கூப்பிட்டால் அவனிடத்தில்தான் அடிக்கும் என்று நினைத்தேன். "ஃபோன் கரோ! அபி கரோ!" என்று, அந்த நம்பருக்கே இப்போதே போடச் சொல்லிக் கத்தினேன்.

"எம்மா, வேண்டாம்! சும்மா இரு!" என்றான் பக்கத்தில் நின்ற கதிர்.

அதற்குள் மொபைலை நீட்டியவன் அழுத்திவிட்டான். எங்கள் மேசையில் மணி அடித்தது.

"சுன் லியா, மௌசி?" கேட்டுச்சா சித்தி என்று ஒருவன் சிரித்தான். முதல் அடி கதிரின் தோளில் விழுந்தது. தலையை மறைக்கத் தூக்கிய வலது கையில் அடுத்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். "ஏல, எம்புள்ளய விடுங்கல!" என்று தமிழில் அலறினேன். இருபத்தாறு வருட இந்தி ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. பக்கத்துக் கடைகளில் ஷட்டர் இறங்கியது.

அப்போது முன்னால் நின்றவன் கையிலிருந்த அவன் அம்மாவின் மொபைல் அடித்தது. திரையில் எங்கள் நம்பர். எங்கள் தொலைபேசியோ மேசையில் சும்மா கிடந்தது. ஸ்பீக்கரில் போட்டான். "மாஜி, போலீஸ் ஸ்டேஷன் ஸே போல் ரஹா ஹூன்..." போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன் அம்மா என்றது ஒரு குரல்.

கம்பிகள் தாழ்ந்தன. அவன் குனிந்து கதிரைத் தூக்கப் பார்த்தான். நான் மரச்சுத்தியை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறையும் அடித்தேன்.

எங்கள் சொந்த ஊர் சுரண்டையிலும் வெட்டுக்குத்து உண்டு. அங்கே அடிக்க வருகிறவன் அப்பன் பெயரைச் சொல்லி, என்ன பகை என்றும் சொல்லித்தான் வருவான். இங்கே பெயர் தெரியாத ஆறு பேர் ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். "நமக்கு வர்ற கால் எங்க அடிக்கணும்னுதாம்மா அந்தப் பட்டியல் சொல்லும். கூப்பிடுறவன் யார் நம்பர வேணாலும் காட்டுவான், அத அது தடுக்காது. அதாம்மா வேண்டாம்னேன்" என்றான் கதிர், கட்டுப் போட்ட பிறகு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கை முறிந்திருக்காது.

இப்போது அவன் சுரண்டையில் என் தங்கை வீட்டில் இருக்கிறான். திரும்பி வர மாட்டேன் என்கிறான். பட்டியலில் எங்கள் நம்பருக்கு நேரே இருந்த முகவரியை இடது கையாலேயே மாற்றிவிட்டான். இங்கே பக்கத்து மாட்டுங்காவிலிருந்து பை கேட்பவர்கள் அதே நம்பரை அழுத்துகிறார்கள். சுரண்டையில் மணி அடிக்கிறது. நானும் என் மொபைலில் அதைத்தான் அழுத்துகிறேன். திரையில் என் பெயர் தெரிந்தாலும் அவன் நம்புவதில்லை. நான் "ஏல கதிரு" என்று சொல்லும்வரை, அங்கே உட்கார்ந்துகொண்டு, பை கேட்பவர்களிடம் சொல்வதுபோல் இந்தியில், "ஹாங் போலியே, தாராவி" என்கிறான்.