ஊற்று தோண்டத் தெரிந்தவர்கள்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. கூடாரத்துக்கு நைலான் கயிறு வாங்கப் பரமக்குடிக்குப் போயிருந்த என் அண்ணன் தங்கப்பாண்டி, கடைக்காரர் கயிற்றை அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. கடைக்காரர்தான் அண்ணனின் போனிலிருந்து என்னை அழைத்துச் சொன்னார். பேசி முடித்ததும் திரையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து நின்றது. "தீவுல கோழி வறுவலா, கொழம்பா? சட்டுபுட்டுனு சொல்லுங்கப்பா." அனுப்பியவர் நாகேந்திரன். மதினி வீரலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன். அதற்குக் கீழே நான்கு பேர் வறுவல் என்று போட்டிருந்தார்கள். ஒருவர் இரண்டும் வேண்டும் என்றிருந்தார்.

அண்ணனுக்கு நாற்பத்தொன்பது வயது. நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் மிளகாயும் நெல்லும் போட்டார். விவசாயத்தைவிடத் திட்டம் போடுவது அவருக்கு நன்றாக வந்தது. ஒரு முறை காசிக்குப் போகத் திட்டம் போட்டார். ரயிலில் பெட்டியைக் கட்டிப்போடச் சங்கிலியும் பூட்டும் வாங்கினார். காசிக்குப் போகவில்லை. அந்தப் பூட்டு இப்போது ஆட்டுக் கொட்டகையில் தொங்குகிறது. குழந்தை இல்லாத வீட்டில் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் மட்டும் வருடத்துக்கு ஒன்று பெருகின.

தீவுத் திட்டம் தொடங்கியது மூன்று வருடத்துக்கு முன் மாசிக்களரி முடிந்த மறுநாள். குலசாமி கும்பிட வந்தவர்கள் நாற்பது பேர். இரண்டு நாளும் அடுப்பை விட்டு மதினி எழுந்திருக்கவில்லை. எல்லோரும் வண்டி ஏறிப் போன பிறகு, கொல்லையில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"யாரும் வந்து சோறு கேக்க முடியாத எடம் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. ஒரு ராத்திரி அங்கன போயிப் படுத்துக் கெடந்துட்டு வாரேன்."

அண்ணன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அவள் கேட்டது அந்த ஒரு ராத்திரிதான். இருபத்திரண்டு வருடத்தில் வேறு எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரிலிருந்து கடல் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் நாங்கள் கடலுக்குப் போவது செத்தவர்களுக்காக மட்டும்தான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போய் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். கடலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. தெரியாததைப் பற்றி வாய் மூடி இருக்கும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது.

அண்ணன் விசாரித்து விசாரித்துக் கொண்டைத்திட்டைக் கண்டுபிடித்தார். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். மணல், கொஞ்சம் புதர், நிறையப் பறவைகள். வனத்துறை இறங்கவே விடாத தீவுகளில் அது சேராது. கடற்கரை ஊரில் ஒரு படகுக்குழு, பெயர்ப்பட்டியல் கொடுத்து அனுமதி வாங்கி, அங்கே ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்க விடுகிறது. அந்தக் குழுவின் படகோட்டி அசாருதீன். படகு இல்லாமல் யாரும் வர முடியாது என்ற ஒரு காரணத்துக்காகவே அண்ணனுக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

இதை நாகேந்திரனிடம் சொன்னதுதான் அவர் செய்த முட்டாள்தனம்.

ஒரு வாரத்தில் வாட்ஸ்அப் குழு உருவாயிற்று. ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கும் சித்தப்பா மகன் வினோத்குமார், தீவில் போன் சார்ஜ் போட வசதி உண்டா என்று கேட்டான். ராமநாதபுரத்தில் இடம் வாங்கி விற்கும் நாகேந்திரன், தீவு யார் பட்டாவில் இருக்கிறது என்று கேட்டார். நண்டு, கோழி, மறுநாள் காலைக்கு இட்லி என்று பட்டியல் நீண்டது. இவ்வளவையும் யார் சமைப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்கு விடை அவர்களுக்குத் தெரியும். "அதான் தங்கச்சி வருதுல்ல" என்று நாகேந்திரன் ஒரு முறை எழுதினார், பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டு. மதினியும் நானும் அந்தக் குழுவில் இருந்தோம். இரண்டு வருடத்தில் நான் போட்டது கட்டைவிரல் மட்டும்.

மறுத்துப் பேச அண்ணனுக்கு வாய் வராது. அந்த ஏலாமைக்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்திருந்தார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கேன் தூக்க வேண்டாம், ஊற்று தோண்டிக்கொள்ளலாம் என்றார். கோடையில் கண்மாய் வற்றினால் மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்தவர்கள் நாங்கள். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் மணல் இருக்கும் இடமெல்லாம் அடியில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். குழுவில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். இதில் மட்டும் அவர்களுக்கு ஒற்றுமை.

சாவதற்கு ஒரு மாதம் முன்பு, மண்வெட்டியோடு அவர் மட்டும் அசாருதீனின் படகில் போய் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தார். மாலையில் குழுவில் எழுதினார்: "தண்ணி இளநி மாதிரி இருக்கு." எல்லோரும் பூ போட்டார்கள். அன்று அவர் ஒரு பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை மதினி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினாளாம். முழு உப்பு.

"ஏங்க இப்பிடிப் புளுகுறீக?"

"ஒரு வருசமாச் சொல்லிட்டேன் லெச்சுமி. இப்ப இல்லைன்னா உங்கண்ணன் சிரிப்பாரு. கெளம்புற அன்னைக்கு நாம கேன ஏத்திக்கிருவோம்."

கேன் ஏற்றும் நாள் வருவதற்குள் போய்விட்டார்.

படகுக்குக் குறித்திருந்த தேதி, அவர் செத்த பதினோராம் நாள். எரித்த மறுநாள் சாம்பலைக் கலயத்தில் அள்ளியாயிற்று. அன்றே தேவிபட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்திருக்கலாம். நாகேந்திரன்தான் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார்.

"படகுதான் சொல்லி வச்சிருக்கே. அதுலயே மாப்ளையவும் கரைச்சிருவோம். அவர் ஆசப்பட்ட எடம். ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தா அவருக்கும் நிம்மதி."

கொள்ளி வைத்தவன் வினோத்குமார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் கனவுண்ணே அது" என்றான். கலயத்தை அதுவரை புங்கமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். உறவுக்காரர்கள் அதன் அடியில் பைக் நிறுத்தினார்கள்.

மதினி கேட்டாள்: "நானும் வரட்டுமா?"

"பொம்பள வரக் கூடாதும்மா. நீ முப்பது நாளு வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் நாகேந்திரன். அதே மூச்சில், "மசாலாவ மட்டும் அரைச்சுக் குடுத்துரு. கட மசாலா எனக்கு வயித்துக்கு ஒத்துக்கிறாது" என்றார். அவள் அரைத்துக் கொடுத்தாள்.

ஏழு பேர் போனார்கள். அங்கே நடந்ததை அசாருதீன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். படகில் கூடாரம், அடுப்பு, அரிசி, மூன்று கோழி, பிராந்தி, மண்வெட்டி, கலயம் எல்லாம் ஏறியிருக்கின்றன.

"தண்ணி கேன் எங்கண்ணே?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"அங்கன ஊத்து இருக்குல்ல."

"அண்ணே, அது உப்புண்ணே. தங்கப்பாண்டி அண்ணனே வந்து தோண்டிப் பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லாம உக்காந்துட்டாரு."

"ஏலே தம்பி, நீ மீன் பிடிக்கிறவன். ஊத்துத் தோண்ட ஒனக்கு என்ன தெரியும்? நாங்க கம்மாயில தோண்டுன கை."

வினோத்குமார் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு இதற்குச் சிரித்தானாம்.

அவர்கள் இறங்கிய நேரம் வற்றம், கடல் உள்வாங்கிக் கிடந்தது. கொஞ்சம் நடந்து ஆழத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறான் அசாருதீன். வேட்டி நனையும் என்று கணுக்கால் தண்ணீரிலேயே கலயத்தைக் கவிழ்த்தார்கள். சாம்பல் எங்கும் போகவில்லை. மறுபடி தண்ணீர் ஏறும்வரை ஈர மணலில் அப்படியே கிடந்ததாம். மற்றவர்கள் அதற்குள் கூடாரத்துக்கு முளை அடிக்கப் போய்விட்டார்கள். முளை மணலில் நிற்கவில்லை.

தண்ணீர் ஏறியதும் அசாருதீன் கரைக்குத் திரும்பிவிட்டான்; மிச்சமெல்லாம் மறுநாள் படகில் அவர்கள் புலம்பக் கேட்டு அவன் சொன்னது. அவர்கள் தோண்டினார்கள். ஐந்து குழி. உப்பு, உப்பு, உப்பு. ஒவ்வொரு குழியிலும் நாகேந்திரன் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு "இன்னுங் கொஞ்சம் ஆழம் போடு" என்றாராம். கொண்டுபோன பாட்டில் தண்ணீர் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. அரிசியைக் களைய முடியவில்லை. மசாலா தடவிய கோழி மணலில் காய்ந்தது. பிராந்தியில் கலக்கவும் ஒரு சொட்டு இல்லை. போனில் சிக்னல் கிடைத்து அவனை அழைத்தபோது காற்று எழும்பிவிட்டது. விடியட்டும் என்றான் அசாருதீன். காலை ஆறு மணிக்குப் போனவனிடம் ஒருவரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. படகிலிருந்த கேனைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அண்ணன் பேரைச் சொல்லி ஒருவர் கெட்ட வார்த்தையும் சொல்லியிருக்கிறார். யார் என்று அசாருதீன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த நாகேந்திரன் வாசலிலேயே மதினியிடம் ஆரம்பித்தார்.

"தண்ணி உப்புன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்கிட்ட என்னண்ணே கேட்டீக? அரிசி எம்புட்டு, கோழிக்கு மசாலா அரைச்சாச்சான்னு கேட்டீக. தண்ணியக் கேக்கலையே."

வினோத்குமார் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானமே குழுவிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் செத்தவரும் மதினியும் நானும்தான் அதில் மிச்சம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியானதும் அசாருதீன் மதினிக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, அண்ணன் மவுத்தான வீட்ல இதக் கேக்கக் கூடாது. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. பங்குனி இருபதுக்கு அண்ணன் இன்னொரு தேதி போட்டு வச்சிருக்காரு. ரெண்டே பேருக்கு. கூட்டம் போயிட்டு வந்த பெறகு நானும் எம் பொண்டாட்டியும் மட்டும் வாரோம், யாருக்கும் தெரிய வேணாம்னாரு. நா அந்தத் தேதிய எடுத்துட்டு வேற ஆளுக்குக் குடுத்துரவா?"

பன்னிரண்டு பேரிடம் வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாத மனிதர், சொந்தப் பெண்டாட்டியைத் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மதினிக்கு அப்படி வரவில்லை.

"எடுக்காத தம்பி. நா வாரேன்" என்றாள்.

"அக்கா, வீட்ல ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டும். அங்கன வந்து சொல்லணும்னா படகு வேணும்ல."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ வாரியா மாரிச்செல்வி? சமையல் கெடையாது. அவலும் வாழப்பழமுந்தான். மூணு கேன் தண்ணி."

வருகிறேன் என்றேன். பங்குனி இருபதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாகேந்திரனுக்கு அதற்குள் தெரிந்துவிடும், வந்து குதிப்பார். குதிக்கட்டும்.

அனுமதிக்குக் கொடுக்க வேண்டிய பெயர்ப்பட்டியலின் படத்தை அசாருதீன் இன்று எனக்கு அனுப்பினான். அண்ணன் தன் கையால் நிரப்பியது. திருத்தி நாளைக் காலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாவது வரியில் வீரலட்சுமி, வயது நாற்பத்திரண்டு. முதல் வரியில் இருக்கும் அவருடைய பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.